பின்கட்டு இறங்கிய புரட்டாசி

செப்டம்பர் 3, புதன்

ரயில் சுரங்கப் பணியின் ஒப்பந்த நிறுவனத்திலிருந்து மூவர் இன்று காலை வந்து, நடுச்சுவரும் வடக்குச் சுவரும் சேரும் மூலையில் விரிசல் அளவி ஒன்றைப் பொருத்தினர். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஒன்று இந்தச் சுவரில், மற்றது அந்தச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. மேல் தகட்டில் சிவப்புக் கூட்டல் குறி, கீழ்த் தகட்டில் மில்லிமீட்டர்க் கட்டங்கள். சுவர்கள் விலகினால் குறி நகரும். படிக்கத் தனித் தேர்ச்சி வேண்டியதில்லை. நாள்தோறும் நானே பார்த்துக் குறித்துக்கொள்வதாகத் தெரிவித்தேன்.

கண்காணிப்புப் பொறியாளர் ஒரு பெண். பெயர் மெர்லின், மார்த்தாண்டத்துக்காரர். சுரங்கம் தோண்டும் இயந்திரம் நமது தெருவைக் குறுக்காகக் கடக்கும் என்றும், அது தோண்டும் துளை, பின்னால் பொருத்தப்படும் கான்கிரீட் வளையத்தைவிடச் சற்றே பெரிது என்றும், அந்தச் சிறு இடைவெளியை நிரப்ப மேலிருக்கும் இளகிய களிமண் இறங்கும் என்றும் விளக்கினார். தரை ஆழமில்லாத ஒரு தாம்பாளம் போலக் குழியுமாம். தாம்பாளத்தின் விளிம்பு என் வாசலில். நடுப்பள்ளம் பின்கட்டுக்கு அடியில். கணிப்பின்படி முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர், பின்பக்கம் பன்னிரண்டு. கணிப்பு என்றால் உத்தரவாதம் என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டேன்.

"புக்கு நாங்கதான் படிச்சிருக்கோம் சார். களிமண்ணு படிக்கலயே" என்றார்.

பின்கட்டைப் பார்க்க வேண்டும் என்றார். பாகப்பிரிவினைத் தீர்ப்பின்படி பின்கட்டு என் தம்பி சிவஞானத்தினுடையது; அதன் வாசல் பின்சந்தில் இருக்கிறது; அதற்குள் எவரையும் அனுமதிக்க எனக்கு அதிகாரமில்லை என்று தெரிவித்தேன். சந்துப் பக்கம் இரண்டு முறை போய்க் கதவைத் தட்டியதாகவும், "அண்ணன் அனுப்பின ஆளா" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டுவிட்டு அவர் திறக்கவில்லை என்றும் சொன்னார். நான் ஒரு குரல் கொடுத்தால் ஆகாதா என்றார். எங்களுக்குள் எழுத்து மூலமாகவே தொடர்பு என்று சொன்னேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு நடுச்சுவரைப் பார்த்தார். பின்கட்டில் கருவி எதுவும் பொருத்தப்படவில்லை.

நடுச்சுவர் தீர்ப்பு வந்த வாரமே எழுப்பப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அரைச் செங்கல் கனம். இருதரப்பும் அவசரப்பட்டதால் அஸ்திவாரம் போடவில்லை. பழைய தரையின் மேலேயே நிற்கிறது. இதை மெர்லினிடம் தெரிவித்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அளவியில் அசைவில்லை. தண்ணீர் மோட்டார் பழுது. வருவதாகச் சொன்ன பிளம்பர் வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

அறிவிப்பு வந்தது. இயந்திரம் கடக்கும் காலத்தில், இம்மாத இறுதியிலிருந்து சில நாள்கள், முன்னெச்சரிக்கையாக வீட்டைக் காலி செய்து நிறுவனம் ஏற்பாடு செய்யும் விடுதியில் தங்க வேண்டும். கொண்டுவந்தவர் இரண்டு பிரதிகளை நீட்டினார். கதவு எண் ஒன்றுதானே சார், பின்னாடி இருப்பவருக்கும் நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றார். ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு மற்றதைத் திருப்பினேன். அதிகாரமில்லாதவர் பெற்ற அறிவிப்பு குறைபாடுடையது. பின்னாளில் அதுவே வழக்காகும்.

என் மனைவி தெய்வநாயகி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பின்கட்டுல அந்தப் பொண்ணு இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கா. சுவரத் தட்டி ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?"

வாய்மொழியாகச் சொன்னதை நாளை மெய்ப்பிக்க முடியாது என்று விளக்கினேன். அவள் மாவு அரைக்கப் போய்விட்டாள். கிரைண்டர் வழக்கத்தைவிட நெடுநேரம் ஓடியது.

செப்டம்பர் 17, புதன்

சிவஞானத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். பொருள்: நில இறக்கம், காலி செய்ய வேண்டிய அவசியம், தொடர்புகொள்ள வேண்டிய பொறியாளரின் பெயரும் எண்ணும். உணர்ச்சிக்கு இடமளிக்கும் சொல் எதுவும் வராதபடி இரண்டு முறை திருத்தினேன். அவன் மனைவி கற்பகவல்லியின் உடல்நிலை பற்றி முதல் வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது. பொருளுக்குத் தொடர்பற்றது என்பதால் நீக்கினேன்.

இன்று புரட்டாசி பிறந்தது. புழுக்கம் குறையவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

தபால் திரும்பிவிட்டது. உறையின்மேல் "வாங்க மறுத்தார்" என்று தபால்காரரின் கையெழுத்து. வழக்கு நடந்த காலத்திலிருந்தே என் பெயர் உள்ள எந்த உறையையும் சிவஞானம் பிரிப்பதில்லை. முகவரி சரியாயிருந்து, பெறுபவர் வாங்க மறுத்தால், அறிவிப்பு அவருக்குச் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். இதைப் பல நீதிமன்றங்களில் நானே வாதாடியிருக்கிறேன். எனவே என் தரப்பில் செய்ய வேண்டியது நிறைவேறிவிட்டது.

தெய்வநாயகியிடம் தெரிவித்தேன். தோசை இன்னும் ஒன்று வேண்டுமா என்று கேட்டாள்.

காலையிலும் மாலையிலும் சுவருக்கு அப்பால், கற்பகவல்லி பிடித்து நடக்கும் நடைச்சட்டம் தரையில் ஊன்றும் ஓசை கேட்கும். இரண்டு நாள்களாகக் கேட்கவில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம்.

செப்டம்பர் 26, வெள்ளி

இயந்திரம் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு பழைய ஆழ்துளைக் கிணற்றின் வாய் வழியாகச் சோப்பு நுரை போல ஏதோ பொங்கியதாம். மண்ணை இளக்க இயந்திரத்தின் முகப்பில் செலுத்துவது என்றார்கள். துணி தேய்க்கும் குப்பன் என்னைப் பார்த்ததும், "வக்கீல் சார், கீழ ரயில் ஓடுனா உங்க வீட்டுக்குள்ளயே ஒரு ஸ்டேஷன் கேளுங்க. முன்கட்டுல ஏறி பின்கட்டுல இறங்கலாம்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது.

அளவி அரை மில்லிமீட்டர்.

செப்டம்பர் 29, திங்கள்

விடுதிக்கு வந்துவிட்டோம். சரஸ்வதி பூஜையை விடுதி அறையில் செய்ய மாட்டேன் என்று தெய்வநாயகி பிடிவாதமாக இருந்ததால், புதன்கிழமை காலை மட்டும் வீட்டுக்குச் சென்றுவர மெர்லினிடம் அனுமதி பெற்றேன்.

புறப்படும்போது மெர்லின், பின்கட்டில் இன்னும் ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவருக்கு முறைப்படி அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்றேன்.

"அப்படின்னா அவங்களுக்குத் தெரியுமா சார்?"

சட்டத்தின் பார்வையில் தெரியும் என்றேன். அவர் "ஓ" என்றார். கணிப்பு பன்னிரண்டுதான், அதைத் தாங்கும் வீடுதான் என்பதால் பணியை நிறுத்தும் நிலை இல்லை என்று பின்னர் அவர் வேறொருவரிடம் சொல்லக் கேட்டேன். குரலில் முழு உறுதி இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

அளவி ஒன்று. மெர்லின் தொலைபேசியில் தெரிவித்தார். அறையின் ஏசியைக் குறைக்கத் தெரியாமல் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருக்கிறோம்.

அக்டோபர் 2, வியாழன்

நேற்று எழுதவில்லை. பேனாவும் இந்த நாட்குறிப்பும் பூஜையில் இருந்தன. இன்று மறுபூஜை முடிந்து கையில் கிடைத்ததும் எழுதுகிறேன். நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுத முயல்கிறேன்.

நேற்று காலை வீட்டுக்குச் சென்றோம். தெய்வநாயகி வழக்கம்போல் சிவில் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் அடியில் வைத்து, மேலே தன் பாட்டுப் புத்தகங்கள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், இந்த நாட்குறிப்பு எல்லாவற்றையும் அடுக்கிச் சந்தனம் குங்குமம் இட்டாள். என் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்து வைத்தாள். நான் மூலைக்குச் சென்று அளவியைப் பார்த்தேன். நான்கு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். நான்குக்கும் சற்று மேல். நடுச்சுவரின் உச்சியில், கூரைத் தேக்குக் கட்டைக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சம் பின்கட்டின் வெளிச்சம்.

மெர்லினை அழைத்தேன். அன்று காலை அளவு எடுக்கப்படவில்லை என்றார். தெருவின் மட்டம் பார்க்கும் கருவிகளை ஆட்கள் முந்தின மாலையே கண்டெய்னர் அலுவலகத்தில் பூஜைக்கு வைத்துவிட்டார்கள். பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்துவிட்டு எல்லோரும் போயாயிற்று. மறுநாள் மறுபூஜை ஆகும்வரை எவரும் தொட மாட்டார்கள்.

"நான் வேதக்காரி சார், சர்ச்சுக்குப் போறவ. நான் போய் அதை எடுங்கன்னா அது வேற பேச்சாயிடும்" என்றார்.

இயந்திரம் நின்றிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கும் பொட்டு வெச்சாங்க. ஆனா அது நிக்காது சார். இந்த மண்ணுல நிறுத்திப் போட்டா இன்னும்தான் இறங்கும்."

அளவி காட்டியதைச் சொன்னேன். கருவியைத் தானே போய் எடுப்பதாகச் சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

சிவஞானத்துக்கு ஒரு குறிப்பு எழுதிச் சந்துக் கதவின் அடியில் தள்ளிவிடலாம் என்று எண்ணினேன். உறை இல்லாத தாளை அவன் படிக்கக்கூடும். கை சட்டைப் பைக்குப் போயிற்று. பேனா பூஜையில், குங்குமத்தோடு இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதைத் தெய்வநாயகி பார்த்தாள்.

"எழுதத்தாங்க கூடாது" என்றாள். "பேசலாம்."

வெளியே வந்து தெருவைச் சுற்றிப் பின்சந்துக்குச் சென்றேன். பின்கட்டின் வாசலை நான் நேரில் பார்ப்பது சுவர் எழுந்த பிறகு இதுவே முதல் முறை. நீல வர்ணம் அடித்திருக்கிறான். தட்டினேன். ஜன்னல் பாதி திறந்தது. சிவஞானம் மிகவும் நரைத்திருந்தான். என்னைப் பார்த்ததில் அவனுக்கு வியப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"நோட்டீஸ் எதுனா இருந்தா தபால்ல அனுப்பு."

"தபால் இல்ல. இன்னிக்கு எழுத முடியாது."

"அப்போ நாளைக்கு எழுது."

"சிவஞானம், உன் பக்கம் தரை இறங்குது. கூரை சுவர விட்டு வந்துடுச்சு. கற்பகத்த வெளிய தூக்கிட்டு வா."

"யாரு சொன்னா?"

"நான் பார்த்தேன்."

"நீ பார்த்தியா. சாட்சி யாரு?"

அப்போது உள்ளேயிருந்து கற்பகவல்லியின் குரல் கேட்டது. படுத்தபடியே பேசியிருக்க வேண்டும். குரல் தாழ்வாக வந்தது.

"ரெண்டு நாளா பாத்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது மாமா. மழையில மரம் ஊறிப்போச்சுன்னு இவரு சொல்றாரு. மழை எங்க பேஞ்சுது?"

சிவஞானம் ஜன்னலிலிருந்து திரும்பி உள்ளே பார்த்தான். பிறகு கதவைத் திறந்தான். திறக்க இரண்டு முறை தோளால் இடிக்க வேண்டியிருந்தது.

கற்பகவல்லியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தெய்வநாயகி சந்துக்கு வந்துவிட்டிருந்தாள். நடைச்சட்டத்தை அவள் எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது என் கால் தடுமாறிற்று. "பாத்து. இடறி விழுந்துட்டு அதுக்கும் என்மேல கேஸ் போட்டுறாத" என்றான் சிவஞானம். எனக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கும் வாங்கியது.

முன்தெருவில் குப்பனின் தேய்ப்பு வண்டியருகே நிழலில் நாற்காலியை இறக்கினோம். தெய்வநாயகி பொரியும் தண்ணீரும் கொண்டுவந்தாள். கற்பகவல்லி பொரியைத் தின்றுகொண்டு, மாத்திரை டப்பாவை மறந்துவிட்டதாகச் சொன்னாள். எடுத்து வருகிறேன் என்று சிவஞானம் எழுந்தான். அவன் கையைப் பிடித்தேன். அவன் உதறவில்லை, ஆனால் உட்காரவும் இல்லை. அப்படியே இருவரும் நின்றுகொண்டிருந்தபோது, மாவு மூட்டையை மேலிருந்து போட்டாற்போல ஓர் ஓசை கேட்டது. பின்கட்டின் பக்கமிருந்து சுண்ணாம்புத் தூசி கூரைக்கு மேல் எழுந்து மெல்ல அடங்கியது.

சற்று நேரம் கழித்து, தலைக்கவசம் அணிந்த ஒருவருடன் சிவஞானம் சந்து வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பின்னறையின் வடமூலையில் கட்டையின் முனை சுவரைவிட்டு நழுவி, அதன்மேலிருந்த செங்கல் தளம் கட்டிலின் தலைப்பக்கம் இறங்கியிருக்கிறது. இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. தலைக்கவசக்காரர் சொன்னார். சிவஞானம் தண்ணீர் கேட்டான்.

மெர்லின் கண்டெய்னரைத் திறந்து கருவியைத் தம் கையாலேயே எடுத்துக் குங்குமத்தைத் துடைத்துச் சந்தில் அளந்திருக்கிறார். இருபத்தெட்டு. உடனே இயந்திரத்தின் முகப்பு அழுத்தத்தைக் கூட்டச் செய்தார். மாலைக்குள் இறக்கம் மட்டுப்பட்டது. கருவியைத் தொட்டதற்காக அவருடைய ஆட்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று இன்று சொன்னார். பூஜைக்கு விட்டதற்காக மேலிடம் அவரைத் தனியாகக் கடிந்துகொண்டதாம்.

நால்வருக்கும் விடுதியில் அறை. எதிரெதிர் அறைகள்.

அக்டோபர் 4, சனி

நிறுவனத்தின் சட்ட அலுவலர் விடுதிக்கு வந்தார். இளைஞர், பணிவானவர், என் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாராம். சிவஞானம் இழப்பீடு கோருவான் என்பதால் சில விவரங்களை உறுதிசெய்ய வந்திருக்கிறார்.

"தம்பிக்கு நீங்க ரிஜிஸ்டர் தபால் போட்டு அவர் வாங்க மறுத்துட்டார்னு கேள்விப்பட்டோம். அந்தக் கவர் இருந்தா எங்களுக்குப் போதும் சார். தெரிஞ்சே தங்கினார்னு ஆயிடும். உங்களுக்குத் தெரியாத சட்டமா."

"கவர் இருக்கு" என்றேன். "ஆனா அவனுக்குத் தெரியாது."

அவர் புன்னகையுடன் காத்திருந்தார்; நான் தொடர்ந்து ஏதோ வாதத்துக்கு வருவேன் என்று எண்ணியிருக்கலாம். உறையைத் தர மறுத்து, வாக்குமூலம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தபாலின் உள்ளடக்கத்தைச் சிவஞானம் அறியவில்லை என்றும், அறிவிப்பின் பிரதியைப் பெற்றுக்கொள்ள நானே மறுத்தேன் என்றும் குறிப்பிட்டேன். இறுதியில், தபாலை அனுப்பும்போதே அவன் அதை வாங்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும் என்ற வாக்கியத்தையும் சேர்த்தேன். தேவையற்ற வாக்கியம். எந்தக் கட்சிக்காரரையும் அப்படி எழுத நான் அனுமதித்திருக்க மாட்டேன். அடித்துவிடலாமா என்று சிறிது நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை.

நகலைச் சிவஞானத்திடம் கொடுத்தேன். பாதி குடித்த டீ ஆறும்வரை படித்தான்.

"இதுல மேற்படியார் மேற்படியார்னு போட்டிருக்கியே, அது நானா?"

"ஆமாம்."

"சரி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அக்டோபர் 8, புதன்

முன்கட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. பின்கட்டுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இப்போதைக்கு எவரும் தங்க முடியாது. சிவஞானம் வாடகைக்கு வீடு பார்ப்பதாகச் சொன்னான். கற்பகவல்லியின் கட்டிலை நம் கூடத்தில் போடுவதற்குத் தெய்வநாயகி எவருடைய சம்மதத்தையும் கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

வீட்டில் அமைதி இல்லை. பெண்கள் இருவரும் விடாமல் பேசுகிறார்கள். யார் யார் இறந்தார்கள், யாருக்குப் பேரன் பிறந்தான் என்று இத்தனை ஆண்டுக் கணக்கையும் முடித்தாக வேண்டும் போலிருக்கிறது. சிவஞானம் செய்தியைச் சத்தமாக வைக்கிறான். என் நாளிதழை எனக்கு முன்பே பிரித்து, மடிப்பைக் கலைத்து வைக்கிறான். இது பற்றி எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

அவனும் நானும் அதிகம் பேசுவதில்லை. காப்பி, பேப்பர், மாத்திரை. அவ்வளவே. முதுகு வலிக்கிறது.

அளவி ஐந்தில் நிற்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

மெர்லினும் கட்டடப் பொறியாளர் ஒருவரும் வந்தனர். இயந்திரம் நெடுந்தூரம் போய்விட்டது. ஒரு வாரமாக அளவுகளில் மாற்றமில்லை. தரை இனி இறங்காது என்பது அவர்கள் கருத்து. கருத்து என்ற சொல்லையே மெர்லின் பயன்படுத்தினார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. மிகவும் இளைத்திருந்தார். ஊருக்குப் போகிறாரா என்று விசாரித்தேன். அடுத்த தெருவில் இரண்டாவது சுரங்கம் தொடங்குகிறது, அது முடியாமல் விடுப்பு இல்லை என்றார்.

கூரையைச் சரிசெய்யும் முன் நடுச்சுவரை இடித்தாக வேண்டும் என்றார் கட்டடப் பொறியாளர். அது அஸ்திவாரம் இல்லாமல் இறங்கி நிற்பதால் இரு பக்கத் தளத்தையும் இழுக்கிறது. இடித்தபின் இரண்டு வழிகள்: முறையாகத் தோண்டி அஸ்திவாரம் போட்டுச் செங்கல் சுவர், அல்லது தரைக்குப் பாரமில்லாத பலகைத் தடுப்பு. சுவரே வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தீர்ப்பின்படி அது எல்லை; எல்லை என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

செங்கல்லே உறுதி என்று நான் சொல்லத் தொடங்கினேன். செலவை நிறுவனம் ஏற்கும், பின்னாளில் தகராறு வராது. சிவஞானம் இடைமறித்தான். என்னைப் பார்க்காமல், பொறியாளரைப் பார்த்தே சொன்னான்.

"பலகையே போடுங்க. அந்தப் பக்கம் யாராவது விழுந்தா சத்தமாவது கேட்கட்டும்."

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று வாய்மொழியாகத் தெரிவித்தேன்.